கிட்னி மாற்றிய பிறகு: வீட்டில் எதைக் கவனிப்பது, எப்போது போன் அடிப்பது

போன வருடம் ஒரு தம்பி போன் பண்ணினார். கிட்னி மாற்றி நான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மாதமாக 0.9-இல் நின்றிருந்த கிரியேட்டினின் அந்த வாரம் 1.2 வந்திருக்கிறது. (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது, கிட்னி சுணங்கினால் ரத்தத்தில் ஏறும்.) “ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தே இல்லை அண்ணா, லேப்பில் இருந்தவரும் நார்மல் என்றுதான் சொன்னார், வலி கிடையாது, யூரின் நன்றாகப் போகிறது, ஊரில் தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து, நான்தான் மடியில் உட்கார வைக்க வேண்டும், போய்விட்டு வந்து திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்தால் போதாதா?” என்று கேட்டார். காதுகுத்தைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் அடியுங்கள் என்றேன். தங்கச்சி வீட்டில் என்னைத் திட்டியிருப்பார்கள்.

ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்பதைச் சொன்னாலே இந்தக் கட்டுரையில் பாதி முடிந்துவிடும். மாற்றி வைத்த கிட்னி வலிக்காது. ஆபரேஷனில் ரத்தம் உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய், சிறுநீர்க் குழாய், இந்த மூன்றைத்தான் தைத்து இணைக்கிறார்கள், நரம்புகளை இணைப்பதில்லை. அதனால் உடம்பு அந்தக் கிட்னியைத் தாக்க ஆரம்பித்தாலும் நமக்குச் சுருக்கென்று எதுவும் குத்தாது. இன்றைய மருந்துகள் வருவதற்கு முன்னால், இப்படி உடம்பு கிட்னியைத் தாக்கும் ரிஜெக்‌ஷன் என்றால் காய்ச்சல் அடிக்கும், கிட்னி இருக்கும் இடம் வீங்கும், யூரின் குறையும். இப்போதைய மருந்துகள் அந்த ஆர்ப்பாட்டத்தை எல்லாம் பெரும்பாலும் அடக்கிவிடுகின்றன. எண் மட்டும் சத்தமில்லாமல் ஏறும்.

அப்புறம், ரிப்போர்ட்டில் ஓரமாகப் போட்டிருக்கும் ‘0.7 முதல் 1.3 வரை’ என்பது ஊருக்கெல்லாம் பொதுவான கணக்கு. உங்களுக்கு வந்த கிட்னி யாருடையது, அவர் வயது என்ன, உங்கள் உடல்வாகு என்ன என்பதைப் பொறுத்து முதல் சில மாதங்களில் ஒரு எண்ணில் போய் நிற்கும், அதுதான் உங்கள் நார்மல். 0.9 என்பது 1.2 ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். 20, 25 சதவீதம் ஏறினாலே டாக்டர்கள் காரணம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதே 1.2, போன வாரம் 1.6 இருந்து இறங்கி வந்த ஒருவருக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கிற செய்தி.

நான் டாக்டர் இல்லை. அக்கா கொடுத்த கிட்னியோடு ஏழாவது வருடம் ஓடுகிறது, அவ்வளவுதான் என் தகுதி. புதிதாக மாற்றிக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் கேட்கிற கேள்விகளுக்குத் தெரிந்த அளவு பதில் எழுதுகிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் ஃபைல் அவர் கையில் இருக்கிறது.

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள்

பழைய கிட்னியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பழைய இரண்டும் முதுகுப் பக்கம் சுருங்கிப்போய் அங்கேயே கிடக்கும். ஓயாமல் கிருமி தொற்றினாலோ, நீர்க்கட்டிகளால் வீங்கி வயிற்றையே அடைத்துக்கொண்டாலோதான் எடுப்பார்கள். புதியது முன்பக்கம், அடிவயிற்றில், பெரும்பாலும் வலது பக்கம், இடுப்பெலும்புக் குழியில் உட்காரும். கையை வைத்தால் தோலுக்கு அடியில் மேடு தட்டுப்படும். வெளியூரில் ஸ்கேன் எடுக்கப் படுக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்கேன் பார்க்கிறவர் முதுகுப் பக்கம் தேடிவிட்டு “கிட்னி ரெண்டுமே சுருங்கியிருக்கே” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். எனக்கு ஒரு முறை நடந்தது.

சிறுநீர்க் குழாயைத் தைத்த இடம் ஆறும் வரை உள்ளே ஒரு மெல்லிய குழாய் விட்டிருப்பார்கள், டி.ஜே. ஸ்டென்ட் என்பார்கள். பொதுவாக இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். வெளியே தெரியாத சமாச்சாரம் என்பதால் மறந்துபோகிறவர்கள் உண்டு, மறந்தால் அதன்மேல் உப்பு படிந்து கல்லாகும், கிருமி குடியேறும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை எடுக்க வேண்டிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா அப்படியே இருக்கும். அந்தக் கையில் பி.பி. பார்க்கவோ ஊசி போடவோ விடக் கூடாது என்ற பழைய விதி இன்னமும் உண்டு.

உயிரோடு இருப்பவர் கொடுத்த கிட்னி பெரும்பாலும் ஆபரேஷன் மேஜையிலேயே யூரின் விட ஆரம்பித்துவிடும். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வந்தது சில சமயம் ஒன்றிரண்டு வாரம் தூங்கும், அது விழிக்கும் வரை டயாலிசிஸ் தொடரும். ‘மாற்றியும் டயாலிசிஸா’ என்று வீட்டில் இடிந்துபோய் உட்கார வேண்டாம், அது எதிர்பார்க்கிற விஷயம்தான்.

எனக்கு முதல் 24 மணி நேரத்தில் எட்டு லிட்டர் போனது. டயாலிசிஸ் காலத்தில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று அளந்து, நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு கிடந்தவனிடம் “மூணு லிட்டர் குடிக்கணும்” என்றார்கள். குடிக்கக் கை வரவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இது காலில் நீராக இறங்குமோ, நெஞ்சில் சேருமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், நர்ஸ் வந்து அதட்டிய பிறகுதான் குடித்தேன். இரண்டு வருடமாக வேலையில்லாமல் சுருங்கிப்போயிருந்த மூத்திரப்பை வேறு அரை மணிக்கு ஒரு முறை ஓட வைத்தது. மெல்ல மெல்ல விரிந்து சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எரிச்சல், கலங்கல், ரத்தம், நாற்றம் இருந்தால் அது வேறு கதை, சொல்லிவிட வேண்டும்.

ஆறிலிருந்து எட்டு வாரம் தண்ணீர்க் குடம், சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. தையலுக்கு அடியில் இருக்கும் சதை சேர அத்தனை நாள் ஆகும், அவசரப்பட்டால் குடலிறக்கம் வரும். நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். வண்டி ஓட்டுவதை டாக்டர் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டு

ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்குங்கள். செல்போனில் எழுதிக்கொள்ளலாம்தான், ஆனால் ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் டாக்டர் ஒரே பார்வையில் மூன்று வார எண்களையும் மேலிருந்து கீழே பார்க்க நோட்டைப் போல வசதி எதுவும் இல்லை. காலையில் எழுந்து, யூரின் போய்விட்டு, காபி குடிக்கும் முன் எடை. ஒரே மெஷின், ஒரே மாதிரி உடுப்பு. பிறகு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பி.பி., அப்புறம் உடம்புச் சூடு. முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு எவ்வளவு குடித்தோம், எவ்வளவு போனது என்பதையும் அளந்து எழுதச் சொல்வார்கள். ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் சுலபம், வீட்டில் யாரும் அதை எடுத்துச் சமையலறையில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் ஒரு கிலோவோ, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவோ எடை ஏறினால் அது சாப்பிட்ட சோறு கிடையாது, தேங்குகிற தண்ணீர். கணுக்காலை அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா என்று தெரியும். பி.பி. 130/80-ஐ ஒட்டி இருப்பது நல்லது. ஒரு நாள் ஏறினால் இரண்டாவது முறை பாருங்கள், தொடர்ந்து ஏறினால் சொல்லுங்கள். மேல் பி.பி. தொடர்ந்து 100-க்குக் கீழே போய்த் தலை சுற்றினாலும் சொல்ல வேண்டும், புதுக் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டமே அதை நம்பித்தான் இருக்கிறது.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன். 100 டிகிரியைத் தொட்டால் போன். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் என்ன சொல்கிறது என்று பார்க்கவே வேண்டாம், போன். நாம் சாப்பிடுகிற ஸ்டீராய்டு காய்ச்சலை ஓரளவு அமுக்கி வைக்கும், அதனால் நமக்கு 100 என்பது மற்றவர்களுக்கு 102 மாதிரி. ஒரு பாராசிட்டமால் போட்டு இறக்கிவிட்டு விடிந்ததும் பார்க்கலாம் என்று பல வீடுகளில் செய்கிறார்கள், அந்த ஒரு ராத்திரியில் கிருமி எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல முடியாது. பாராசிட்டமால் நமக்கு ஒத்துக்கொள்ளும் மருந்துதான், டாக்டரிடம் பேசிய பிறகு போடுவதில் தவறில்லை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் மட்டும் போகவே கூடாது. பல் வலிக்கும் கூடாது, மூட்டு வலிக்கும் கூடாது, மெடிக்கல் ஷாப்காரர் ‘சும்மா ஒண்ணே ஒண்ணு’ என்று கொடுத்தாலும் கூடாது.

எப்போதெல்லாம் ரத்தம் கொடுப்பது

முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மூன்றாம் மாதம் வரை வாரம் ஒரு தடவை, ஆறாம் மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, வருடம் முடியும் வரை மாதம் ஒன்று, அதன் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. உலகம் முழுக்க ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான். முதலில் நெருக்கமாகப் பார்ப்பதற்குக் காரணம், ரிஜெக்‌ஷன் வருவதற்கு வாய்ப்பு அதிகமான காலம் முதல் ஆறு மாதம். கிரியேட்டினினோடு பொட்டாசியம், ரத்த அணுக்கள், சர்க்கரை, யூரினில் புரதம் போகிறதா என்பதெல்லாம் சேர்ந்து வரும். முடிந்தவரை ஒரே லேப்பில் கொடுங்கள். ஒவ்வொரு லேப்பின் முறையும் மெஷினும் கொஞ்சம் வித்தியாசப்படும், இரண்டு லேப்பில் மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஏறியது கிட்னியா, மெஷினா என்று தெரியாமல் ஒரு வாரம் தூக்கம் போகும். முந்தின நாள் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் வெயிலில் அலைந்திருந்தாலும் எண் கொஞ்சம் ஏறும்.

அடுத்தது டாக்ரோ லெவல். இதைப் புரிந்துகொள்ள மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் முர்ரே தலைமையில் செய்ததுதான் உலகத்தில் முதலில் வெற்றி பெற்ற கிட்னி மாற்று ஆபரேஷன். கொடுத்தவரும் வாங்கியவரும் அச்சு அசல் இரட்டையர்கள். தம்பி உடம்பும் அண்ணன் உடம்பும் ஒன்றேதான் என்பதால் உடம்பு புதுக் கிட்னியை அந்நியன் என்று எண்ணவில்லை, எதிர்ப்பை அடக்க மருந்தே தேவைப்படவில்லை, வாங்கியவர் எட்டு வருடம் வாழ்ந்தார். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அக்காவே கொடுத்தாலும் என் ரத்தத்தில் ஓடுகிற வெள்ளை அணுக்களுக்கு அது அடுத்த வீட்டுச் சரக்குதான், விட்டால் தாக்கும். அதைத் தூங்க வைக்கத்தான் மாத்திரைகள். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று: டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு. மூன்றில் முதலாளி டாக்ரோலிமஸ். ஜப்பானில் சுக்குபா என்ற இடத்தில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1984-இல் கண்டுபிடித்த மருந்து அது.

அதில் என்ன சிக்கல் என்றால், ரத்தத்தில் குறைந்தால் உடம்பு கிட்னியைத் தாக்கும், கூடினால் அந்த மருந்தே கிட்னிக்குள் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கிட்னியைக் கெடுக்கும். இரண்டிலும் ஏறுவது அதே கிரியேட்டினின்தான். நடுவில் இருக்கிற சந்து குறுகலானது. பல ஆஸ்பத்திரிகளில் முதல் மூன்று மாதம் 8 முதல் 12 வரையும், வருடம் தாண்டிய பிறகு 5 முதல் 8 வரையும் வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு என்ன எண் என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இந்த லெவலை எப்போது பார்ப்பது என்பதில்தான் நான் ஒரு முறை சொதப்பினேன். இரவு ஒன்பதுக்கு மாத்திரை போட்டால், மறுநாள் காலை ஒன்பதுக்கு, அடுத்த மாத்திரை போடுவதற்குச் சற்று முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மணி நேர முடிவில் இருக்கும் அடிமட்ட அளவைத்தான் டாக்டர் பார்க்கிறார். அதனால் டெஸ்ட் நாளில் மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போய், ஊசிக்குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே விழுங்குவது வழக்கம். ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, லேப்பில் சரியான கூட்டம், டோக்கன் நாற்பதைத் தாண்டிவிட்டது, செல்போனில் ஒன்பது மணி அலாரம் அடித்தது, பழக்க தோஷத்தில் பையிலிருந்து எடுத்து வாயில் போட்டுவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட் 21. டாக்டர் பேனாவை எடுத்து அளவைப் பாதியாகக் குறைக்கப் போனவர், நிமிர்ந்து பார்த்து “மாத்திரை போட்டுட்டா ரத்தம் கொடுத்தீங்க?” என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். அவர் மட்டும் கேட்காமல் குறைத்திருந்தால், நன்றாக இருந்த லெவல் பாதியாகி, கிட்னி காவல் இல்லாமல் கிடந்திருக்கும்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுவது பற்றி எல்லோரும் சொல்லிவிடுவார்கள், நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். டாக்ரோலிமஸில் நாளைக்கு இரண்டு வேளை போடுவதும் உண்டு, ஒரே வேளை போடும் வகையும் உண்டு. மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக் கூடாது. கடையில் கம்பெனி மாற்றிக் கொடுத்தாலும் வாங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள், மாற்றினால் லெவல் பார்க்க வேண்டி வரும். இன்னொன்று, வேளை தப்பிப்போனால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டு வேளையைச் சேர்த்து ஒரேயடியாகப் போடக் கூடாது. வாந்தியோ பேதியோ என்றால் நீங்களாக முடிவெடுக்காமல் போன் பண்ணுங்கள். பேதியின்போது டாக்ரோ லெவல் குறையும் என்று நினைப்போம், உண்மையில் பலருக்கு ஏறும்.

தம்பிக்கு என்ன ஆனது

அவர் அன்றைக்கே போய்விட்டார். முதலில் தண்ணீர் போதாமையா என்று பார்த்தார்கள், யூரினில் கிருமி இருக்கிறதா, ஸ்கேனில் குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். எதுவும் இல்லை. டாக்ரோ லெவல் 17. மாத்திரையின் அளவு மாறவே இல்லை, எப்படி ஏறியது என்று துருவித் துருவிக் கேட்டதில், தொண்டை வலிக்காகத் தெருமுனை கிளினிக்கில் ஐந்து நாள் மருந்து வாங்கிச் சாப்பிட்டது வெளியே வந்தது. அதில் கிளாரித்ரோமைசின் இருந்திருக்கிறது. டாக்ரோலிமஸைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் வழியை அந்த மருந்து அடைத்துவிடும். எரித்ரோமைசினும், ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகளும், பி.பி.க்குக் கொடுக்கும் டில்டியாஸெமும் எல்லாம் இதே வேலையைச் செய்யும். எதிர்ப்பக்கமும் உண்டு: காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் இரண்டும் லெவலைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். ஆகவே பல் டாக்டரோ தோல் டாக்டரோ, யார் எதை எழுதினாலும் முதல் மாத்திரையை விழுங்கும் முன் சீட்டைப் படம் எடுத்து உங்கள் டிரான்ஸ்பிளான்ட் டீமுக்கு அனுப்புங்கள்.

அவருக்குக் கிளாரித்ரோமைசினை நிறுத்தி, டாக்ரோவைக் குறைத்து, பத்து நாளில் 0.9-க்கே வந்துவிட்டது. அடுத்த மாதம் ஒரு முகூர்த்தத்தில் அவர் மடியில் உட்கார வைத்தே காது குத்தினார்கள். படம் அனுப்பினார், குழந்தை ஊரைக் கூட்டி அழுகிறது.

லெவலும் சரியாக இருந்து, வேறு காரணமும் கிடைக்காவிட்டால் பயாப்ஸி செய்வார்கள். பேரைக் கேட்டதும் கேன்சர் என்று பயப்படுகிறார்கள், இங்கே அதற்கு அந்த அர்த்தம் கிடையாது. கிட்னி முன்பக்கம் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் மல்லாந்து படுத்தபடி, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் நூல் அளவு சதையை எடுப்பார்கள். சில மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், யூரினில் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். ரிஜெக்‌ஷன் என்று வந்தாலும் கிட்னி போய்விட்டது என்று பொருள் இல்லை. சாதாரண வகை என்றால் மூன்று நாள் ரத்தக் குழாய் வழியாக ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகி வரும் வகைதான் சிரமம், அதற்குப் பிளாஸ்மாவைச் சுத்தம் செய்வது போன்ற பெரிய சிகிச்சைகள் தேவைப்படும், செலவும் அதிகம். எதுவானாலும் முன்னால் பிடித்தால் காப்பாற்ற வாய்ப்பு கூடும்.

கிருமி

எதிர்ப்பைத் தூங்க வைத்திருக்கிறோம், திருடன் வந்தாலும் நாய் குரைக்காது. அதனால்தான் முதல் மாதங்களில் கூடவே வேறு மாத்திரைகளும் கொடுப்பார்கள்: நுரையீரலில் வரும் ஒரு வகை நிமோனியாவைத் தடுக்கக் கோட்ரைமாக்ஸசோல், சைட்டோமெகலோ வைரஸ் தலைதூக்காமல் இருக்க வால்கேன்சிக்ளோவிர். விலையைப் பார்த்து இதையெல்லாம் நீங்களாகக் குறைக்காதீர்கள். பி.கே. வைரஸ் என்று இன்னொன்று இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் உடம்பில் சின்ன வயதிலிருந்தே சும்மா கிடப்பது, மருந்தின் வீரியம் அதிகமானால் எழுந்து மாற்றுக் கிட்னியையே தின்னும். காய்ச்சல் வராது, வலி வராது. முதல் வருடத்தில் அதற்கென்று டெஸ்ட் எழுதினால் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தவிர்க்காதீர்கள்.

வீட்டைப் பொறுத்தவரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும், சாப்பாட்டைச் சுடச்சுடச் சாப்பிடுவதும் பாதி வேலையை முடித்துவிடும். பானிபூரித் தண்ணீர், தண்ணீர்ப் பந்தல் மோர், வெட்டி வைத்த பழம், காலையில் அரைத்த சட்னியை ராத்திரிக்கும் வைத்துக்கொள்வது எல்லாம் வேண்டாம். முதல் மூன்று மாதம் கல்யாணம், சாவு, கோயில் கூட்டம் எதற்கும் போகாமல் இருந்தால் நல்லது, பார்க்க வருகிறவர்களையும் வாசலோடு அனுப்ப வீட்டில் ஒரு கறாரான ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலையை அத்தை செய்தார், அவரால் முடியாதது எதுவும் இல்லை. அடுக்குமாடி பால்கனியில் புறா அடைகிறது என்றால் அதன் எச்சத்தை நீங்கள் கூட்டிப் பெருக்காதீர்கள், அதில் வளரும் ஒரு பூஞ்சை நுரையீரல் வழியாக மூளைக்கே போகக் கூடியது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் காசநோய் டெஸ்ட் கேளுங்கள், நம் ஊரில் அது எப்போதும் வாசலில் நிற்கிற விருந்தாளி.

தடுப்பூசியில் ஃப்ளூ, நிமோனியா, மஞ்சள் காமாலை பி வகைக்கானவை போடலாம், எப்போது என்று டாக்டர் சொல்வார். உயிருள்ள கிருமியால் செய்தவை, அதாவது அம்மை ஊசிகள், மஞ்சள் காய்ச்சல் ஊசி போன்றவை நமக்கு ஆகாது.

சாப்பாடும் நாட்டு மருந்தும்

டயாலிசிஸ் பத்தியம் முடிந்தது என்பதே பெரிய விடுதலை. பருப்பு, பால், தயிர் எல்லாம் திரும்ப வரும். இளநீர் மட்டும் உடனே ஆரம்பித்துவிடாதீர்கள், டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தை ஏற்றும் பழக்கம் உள்ளது, ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டுக் குடியுங்கள். பம்பளிமாஸ் பழம் நிரந்தரமாகக் கிடையாது, கிரேப்ஃப்ரூட் என்று சூப்பர் மார்க்கெட்டில் விற்பதும் கிடையாது, இரண்டுமே லெவலை ஏற்றும்.

ஸ்டீராய்டு தரும் பசியை அனுபவித்தால்தான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உப்புமா கிண்டிச் சாப்பிட்டிருக்கிறேன். முகம் நிலா மாதிரி ஆனது, மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ ஏறியது. சர்க்கரை வியாதியே இல்லாதவர்களுக்கும் இந்த மருந்துகளால் சர்க்கரை வரும், அதனால் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், காலையில் போடும் ஸ்டீராய்டின் ஏற்றம் மதியத்துக்குப் பிறகுதான் தெரியும். கை நடுக்கமும் வரும், டாக்ரோவின் உபயம். முதல் வருடம் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் இரண்டு முறை என் செக்கைத் திருப்பினார்கள். அளவு குறையக் குறைய நடுக்கமும் குறைந்தது.

உறவினர்கள் அன்பாகக் கொண்டுவரும் கஷாயங்கள் பற்றி என்ன சொல்ல. நெருஞ்சில் கிட்னிக்கு நல்லது, சீந்தில் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்பார்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கத்தான் மாதம் இத்தனை ஆயிரம் ரூபாய்க்கு மாத்திரை வாங்குகிறோம் மாமா என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள், குடிக்காதீர்கள்.

கல்யாணமான பெண்கள் கவனத்துக்கு ஒன்று. டயாலிசிஸில் நின்றுபோன மாதவிடாய் மாற்றிய சில மாதங்களிலேயே திரும்பலாம், கருவும் தங்கலாம். மைக்கோஃபெனோலேட் குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கும் மருந்து. அதனால் ஆரம்பத்திலிருந்தே தடுப்பு முறை வேண்டும். குழந்தை வேண்டுமென்றால் குறைந்தது ஒரு வருடம் கிட்னி நிலையாக ஓடிய பிறகு, மருந்தை மாற்றி ஆறு வாரமாவது காத்திருந்து, டாக்டரோடு சேர்ந்து திட்டமிடலாம். நிறையப் பேர் நல்லபடியாகப் பெற்றெடுத்திருக்கிறார்கள்.

கொடுத்தவரையும் கூட்டிப் போங்கள்

என் அக்கா விழுப்புரத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு டெஸ்ட் நாளும் சாயங்காலம் போன் பண்ணி “என்னடா, என் கிட்னி எப்படி இருக்கு?” என்பாள். நான் எண்ணைச் சொல்வேன். இப்படி ஐந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்த பிறகுதான் ஒரு நாள் உறைத்தது, அவளிடம் மிச்சமிருக்கும் ஒன்று எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. கொடுத்தவருக்கு இருக்கிற ஒற்றைக் கிட்னி கொஞ்சம் பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்ததில் எழுபது சதவீதம் வரை செய்யும், பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் போதும். ஆனால் வருடம் ஒரு முறை பி.பி., கிரியேட்டினின், யூரினில் புரதம் மூன்றையும் பார்க்க வேண்டும். அவள் முதல் வருடம் பார்த்ததோடு சரி. கேட்டால் “எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன், ஒரு வலி கிடையாது” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மறு வாரம் என்னோடு லேப்புக்குக் கூட்டிப் போனேன். அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரும் கையை நீட்டினோம், நான் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கினேன், அவள் காபி எப்போது என்று கேட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டுக் கோடு இழுத்திருக்கிறேன். பி.பி. 126/80. கிரியேட்டினின் 0.9. புரதம் இல்லை. அடுத்தது வருகிற தை மாதம்.